மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை

மைனஸ் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் பதினொன்று என்று இருந்தது.

அவர் வண்டியை ஓரம் கட்டவில்லை. முதலில் நம்பவே இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிய தீப்பெட்டி அளவு மீட்டர் அது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் பின்னால் போய், சமையல் மேடைக்குக் கீழே இருக்கிற பிரிட்ஜின் கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்திருந்தது. மலிவான சாமான். விரலால் ஒரு தட்டு தட்டினார். மைனஸ் பதினொன்று. இன்னொரு தட்டு. மைனஸ் பத்து.

மணி பதினொன்றே கால். ரோட்டில் தார் இளகி டயரோடு ஒட்டிப் பிரிகிற சத்தம் சப்சப்பென்று காலுக்கடியில் கேட்டது. வெந்த பிளாஸ்டிக் வாசனை, யாரோ டூரிஸ்ட் எப்போதோ கொட்டிய சோப்புத் தூளின் வாசனை, இழுப்பறைக்குள் கரண்டிகள் உருளுகிற கிணுகிணுப்பு, கம்பியில் ஆடும் திரை வளையங்கள், இவற்றுக்கெல்லாம் அடியில் பிரிட்ஜின் கம்ப்ரசர் மூச்சுப் பிடித்த மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் ஓடி மூன்று நிமிடம் ஓய வேண்டிய சாமான். ஓய்வே இல்லாமல் ஓடுகிறது.

பிரிட்ஜுக்குள் பதினான்கு பாட்டில் தாய்ப்பால் இருந்தது. அவருடைய சின்ன மகளின் பால். சின்ன மகள் செத்து நாலு நாள் ஆகிறது.

குழந்தை பிறந்த கையோடு அவளுக்கு இதயம் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் போட்டார்கள். குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள விடவில்லை. மூத்த மகள் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னவளின் புருஷன் கப்பலில். வந்து சேர இன்னும் இருபது நாள். பயலுக்கு எந்த டப்பா மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தது குடித்தபடி வாந்தி. அதனால் இவள் கட்டிலில் படுத்தபடியே மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினை மாரில் வைத்துப் பால் எடுத்து, பாட்டிலில் டேப் ஒட்டி, தேதி, நேரம், அளவு எழுதி, நர்ஸம்மாவிடம் கொடுப்பாள். ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்சலில் அனுப்புவார்கள். ஒரு தடவை பார்சல்காரன் வெயிலில் வைத்துக் கெடுத்துவிட்டான். அன்றைக்கு அவள் அழுத அழுகையை அவர் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அதோடு பார்சல்காரர்களை நம்புவதில்லை என்று முடிவு செய்தார். அதற்கு முன்னால் நம்பியிருந்தார் என்றும் சொல்ல முடியாது.

இப்போது இருப்பது இந்தப் பதினான்கு. இனி வராது. "இதைக் கொஞ்சம் கொஞ்சமா டப்பாப் பாலோட கலந்து ஒரு வாரம் ஓட்டினா வயிறு பழகிடும்" என்று டாக்டர் போனில் மூத்தவளிடம் சொல்லியிருந்தார். கட்டியாகப் போய்ச் சேர வேண்டும். நடுவில் உருகினால் ஒரு நாள்தான் தாங்கும். திரும்ப உறைய வைக்கக் கூடாது. பயல் இரண்டு நாளாகக் குளுக்கோஸில் இருந்து இன்று காலைதான் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அவர் நாற்பது வருஷமாக டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். இந்த வேன், படுக்கையும் அடுப்பும் பிரிட்ஜும் வைத்த வீட்டு வேன், முதலாளியுடையது. இரவில் போனால் வெயில் இருக்காதுதான். ஆனால் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் அவருக்கு ரோடு பாலாடை போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியிருந்தார். பன்னிரண்டரை மணி நேர ஓட்டம். முந்தின நாளே பிரிட்ஜைக் காலியாக ஓடவிட்டுக் குளிர வைத்து, காலி இடத்தை உறைந்த தண்ணீர் பாட்டில்களால் அடைத்து, கதவு ரப்பரில் காகிதம் சொருகி இழுத்துப் பிடிப்பு பார்த்துத்தான் பாலை வைத்தார். அவர் வேலையில் குறை கிடையாது.

ஒரு புளிய மரம் வந்தது. வண்டியைத் திருப்பி, பிரிட்ஜின் காற்றுச் சல்லடை இருக்கிற பக்கம் நிழலில் விழுகிற மாதிரி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. இறங்கி வெளிச் சல்லடையைக் கழற்றித் தூசி தட்டினார். அதிலிருந்து வந்த காற்று முகத்தைச் சுட்டது. சின்ன விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதுதான் பிடிக்கவில்லை.

பிரிட்ஜ் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அவனை எல்லோரும் ஐஸ்கட்டி என்பார்கள். ஆள் கரி மாதிரி இருப்பான்.

"சொல்லுங்கண்ணே."

"நீ போன வாரம் என்னத்தடா பாத்த? மைனஸ் பத்துல நிக்குது."

"வெயிலு அப்படிண்ணே. சல்லடை?"

"தட்டியாச்சு."

"கதவ திறந்தீங்களா?"

"திறந்து பாக்க அதுக்குள்ள சினிமாவா ஓடுது? காலைல பூட்டுனதுதான். கை வெக்கல."

"அப்ப சூடா எதையாச்சும் உள்ள வெச்சிருப்பீங்க. ஒரு சூடான சாமான் போதும்ணே, உள்ள இருக்கற மத்த எல்லாத்தையும் கெடுத்துரும்."

"டேய், திறக்கவே இல்லங்கறேன், சூடா எத வெப்பேன்? ஒன் தலையவா?"

ஐஸ்கட்டி சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவனுக்கும் சாவு தெரியும். "ஒண்ணு பண்ணுங்கண்ணே. மெதுமெதுவா ஏறுதா, இல்ல திடீர்னு ஏறுதா? அத பாருங்க. மெதுவா ஏறுனா மெஷினு. திடீர்னு ஏறுனா கதவு."

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் எண் சுத்தமாக வரும். கிலோமீட்டர் எழுதுகிற சின்ன நோட்டில் காலையிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை மீட்டரையும் எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார். இப்போது விரல் வைத்துப் பார்த்தார். ஐந்து மணிக்குப் பதினெட்டு. ஏழரைக்கும் பதினெட்டு. எட்டரைக்குப் பதினான்கு. அப்புறம் மெல்ல மெல்லத் தேறி, பத்தரைக்குப் பதினாறு. பதினொன்றே காலுக்குப் பதினொன்று.

எட்டு மணிக்கு ஒரு எகிறல். பதினொன்றுக்கு ஒரு எகிறல்.

நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "யாரும் திறக்கல," என்றார், போன் எப்போதோ கட்டாகியிருந்தது.

மறுபடி ஓட்டினார். பன்னிரண்டு மணிக்கு மைனஸ் பன்னிரண்டு. ஒன்றுக்கு மைனஸ் பதிமூன்று. தேறுகிறது என்று நினைக்கும்போதே தேறுவதை நம்ப முடியவில்லை. வழியில் ஒரு கடையிலும் நிறுத்தவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கண்ணாடியில் பின்னால் பார்த்தால் சமையல் மேடையும் அதன் கீழே பிரிட்ஜின் வெள்ளைக் கதவும் மட்டும்தான் தெரிந்தன, கதவு சாத்தித்தான் இருந்தது, கொக்கி போட்டுத்தான் இருந்தது. ஆனால் கண்ணை எடுத்து ரோட்டில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் பிடரி மயிர் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே வந்தது.

ஒன்றேமுக்காலுக்கு மூத்தவள் கூப்பிட்டாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாதிக்கு மேல வந்தாச்சு பாப்பா." இரண்டு மகள்களையும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். ஒரே பேருக்கு இரண்டு பேரும் ஓடி வந்த வீடு அது.

"பால் நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

"கத்திக் கத்தித் தொண்ட கட்டிருச்சுப்பா அவனுக்கு. வாயத் திறக்கறான், சத்தமே வரல. பூனக்குட்டி மாதிரி." அவளுக்கும் குரல் இல்லை. "சீக்கிரம் வந்துருங்க. ஓட்டறேன்னு வேகமா ஓட்டாதீங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

போனை வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது.

கம்ப்ரசர் உறுமலுக்குள்ளே இன்னொரு சத்தம். ஹ்ஹூம்... டக். ஹ்ஹூம்... டக். கம்ப்ரசரைத் தாங்குகிற பட்டை கழன்றிருக்கும் என்று நினைத்தார். நட்டு தளர்ந்திருக்கும். ஐஸ்கட்டி சரியாக முடுக்கியிருக்க மாட்டான். ஒன்றன் பின் ஒன்றாகக் காரணம் அடுக்கிக்கொண்டே போனார். காதுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மூன்று மாசம் அந்த ஸ்டூலில், திரைக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து கேட்ட சத்தம். ஹ்ஹூம். டக். அவள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டாள். நடுவில் ஒரு தடவை மூச்சை உள்ளே இழுப்பாள், அவ்வளவுதான்.

மூச்சு உள்ளே இழுபட்டது.

வண்டியை நிறுத்தினார். மரம் பார்க்கவில்லை. நிழல் பார்க்கவில்லை. வெட்டவெளி. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல், ஆள் கிடையாது, குருவி கிடையாது. மீட்டரைப் பார்த்தார். மைனஸ் பதிமூன்று. மணி இரண்டு ஆக ஒரு நிமிடம். சத்தம் நின்றது.

மைனஸ் ஏழு.

பின்னால் போனார். நாலு எட்டு. நாலு எட்டு வைக்க அவருக்கு வெகு நேரம் ஆனது. கொக்கி விரலைச் சுட்டது. திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும். திறக்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. திறந்தார்.

வெள்ளைப் புகை காலில் கொட்டியது. உள்ளே உறைபனி படிந்த பாட்டில்கள், காலையில் அவர் அடுக்கிய அதே வரிசை. இடம் ஏழு, வலம் ஏழு. எல்லாம் கல். தொட்டதும் விரல் ஒட்டியது. ஓரத்தில் மட்டும் லேசாக வேர்வை. நடுவில், அவர் தண்ணீர் பாட்டில்கள் வைத்து அடைத்திருந்த இடத்தில், அவை பின்னால் தள்ளப்பட்டு, புதிதாக மூன்று பாட்டில்கள் நின்றன.

ஒன்று பாதி உறைந்திருந்தது. ஒன்று சில்லென்று இருந்தது. மூன்றாவதைத் தொட்டவர் கையை எடுக்கவில்லை.

சூடாக இருந்தது. அடுப்புச் சூடு இல்லை. உடம்புச் சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் கை வைத்த மாதிரி.

டேப்பில் எழுத்து. அவளுடைய எட்டு, மேல் வட்டம் பெரிதாக, கீழ் வட்டம் சின்னதாக, தலைகீழாக நிற்கிற மாதிரி போடுவாள். சின்ன வயதில் அதற்காக அடி வாங்கியிருக்கிறாள். இன்றைய தேதி. எட்டு மணி. இன்றைய தேதி. பதினொரு மணி. இன்றைய தேதி. இரண்டு மணி. மை அவர் கட்டைவிரலில் ஒட்டியது. கடைசி நாட்களில் அவளுக்கு முப்பது மில்லி வந்தால் பெரிது. இருபது வந்த நாளும் உண்டு. பழைய பாட்டில்களில் பால் அடியில்தான் உறைந்து கிடந்தது. இந்த மூன்றும் கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தன.

அப்போதுதான் அவருக்குக் காலை நினைவு வந்தது. ஆஸ்பத்திரியின் பின் வாசல். பக்கத்தில் பிணவறை. நர்ஸம்மா பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பாலை அடுக்கி, பிரிட்ஜுக்குக் கொக்கி போட்டு, இறங்கி, வண்டியின் பக்கக் கதவை இழுக்கப் போகும்போது, நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது. ஒவ்வொரு டூரிஸ்ட் கூட்டத்துக்கும் சொல்வது.

"ஏறியாச்சா? சாத்திரட்டுமா?"

காலி வண்டியிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காக ஒரு நொடி காத்திருந்தார். அதுவும் பழக்கம்தான். பிறகு சாத்தினார். பதில் வராமல் அவர் எந்தக் காலத்திலும் கதவைச் சாத்தியதில்லை.

மீட்டர் முன்னால் பீப் அடித்தது. மைனஸ் நாலு.

மூன்று பாட்டில்களையும் வெளியே எடுத்துக் கதவைச் சாத்தினார். சூடான பாட்டிலோடு ரோட்டில் இறங்கினார். கொட்டித்தான் ஆக வேண்டும். செத்த பிறகு எடுத்த பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. இதை உள்ளே வைத்தால் மற்றது உருகிவிடும். மூடியைத் திருகினார். வாசனை வந்தது. பால் வாசனையும் அவள் தலைமுடியின் வாசனையும். கவிழ்த்தார். வெந்த மண் ஒரே மூச்சில் குடித்தது.

வண்டிக்குள்ளே அவள் அழுதாள்.

சத்தமாக இல்லை. பார்சல் கெட்டுப்போன அன்றைக்கு அழுத மாதிரி. தன்னால் முடிந்தது இவ்வளவுதான், அதையும் கொட்டிவிட்டார்களே என்கிற அழுகை. அவர் காலியான பாட்டிலோடு வெயிலில் நின்றார். உயிரோடு இருந்தபோது அந்தத் திரையை விலக்கி அவர் ஒரு தடவையும் உள்ளே போகவில்லை. கூச்சம். பெண் பிள்ளை பால் எடுக்கிற இடத்தில் அப்பனுக்கு என்ன வேலை என்று உட்கார்ந்திருந்தார். போதும்மா, கஷ்டப்படாதே என்று ஒரு வார்த்தை உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம்.

படியில் ஏறி, பிரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். தகரம் சுட்டது.

"பாப்பா," என்றார். "போதும்மா."

அழுகை நின்றது.

"நீ சூடா கொண்டாந்து வெச்சா, மத்ததெல்லாம் கெட்டுரும்மா. பயலுக்கு ஒண்ணுமே இல்லாமப் போயிரும். இன்னும் மூணரை மணி நேரந்தான். கொஞ்சம் பொறுத்துக்க."

ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்ரசர் மட்டும். அந்த அமைதி ஏற்றுக்கொண்ட அமைதி இல்லை, அது அவருக்குத் தெரிந்தது. பிடிவாதக்காரி. சின்னப் பிள்ளையிலேயே ஏதாவது கொடுக்காமல் வாயை மூட மாட்டாள். எல்லா அப்பன்களும் அழுகிற பிள்ளையிடம் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். யோசித்துச் சொல்லவில்லை.

"வீட்டுக்குப் போயிரலாம். போனதும் நீயே குடு."

கம்ப்ரசர் நின்றது. காலையிலிருந்து முதல் தடவையாக ஓய்ந்தது. வண்டி முழுக்க அப்படி ஒரு அமைதி. மீட்டர் இறங்கத் தொடங்கியது. மைனஸ் ஆறு. மைனஸ் ஒன்பது.

மீதி இரண்டு பாட்டில்களைக் கொட்ட மனம் வரவில்லை. துண்டில் சுற்றிப் பின்சீட்டில் வைத்தார். பிறகு ஓட்டினார். ஐந்து மணிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தார். ஏறவில்லை. மைனஸ் பதினேழு. ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நிறுத்தியபோது மைனஸ் பதினெட்டு.

மூத்தவள் பயலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தலை வாரி எத்தனை நாளோ.

"கட்டியா இருக்கா?"

"கல்லு மாதிரி."

ஒரு பாட்டிலை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். டேப்பில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். "இந்த எட்டப் பாரு," என்று சொல்லிவிட்டு அந்த எட்டை விரலால் தடவினாள். பதிமூன்றை அவள் வீட்டுப் பிரிட்ஜில் மேல் அறையில் அடுக்கினார்கள். ஒன்றைக் கிண்ணத் தண்ணீரில் உருக வைத்தாள். "இது உருக இன்னும் கொஞ்ச நேரமாவும். நீங்க மூஞ்சி கழுவுங்கப்பா. நான் இப்படி உக்காந்துக்கறேன். கண்ண மூடி மூணு நாளாச்சு எனக்கு."

பயல் அவள் மடியில் மல்லாந்து கிடந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் இல்லை.

அவர் வண்டியைச் சாத்தப் போனார். பின்சீட்டில் துண்டு விரிந்து கிடந்தது. ஈரமாக. அதன் மேல் ஒன்றும் இல்லை. சீட்டுக்கடியில் பார்த்தார். இல்லை.

வீட்டுக்குள் ஓடினார். ஓட முடிந்த அளவுக்கு.

மூத்தவள் நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. கிண்ணத்துப் பாட்டில் கிண்ணத்திலேயே உறைந்து கிடந்தது.

பயல் குடித்துக்கொண்டிருந்தான்.

பாட்டில் அவன் வாயில் சாய்ந்து நின்றது. யாரும் பிடிக்கவில்லை. தொண்டை மளக் மளக் என்று ஏறி இறங்கியது. மூன்று மாதப் பிள்ளைக்கு அத்தனை பசி. நெற்றி முடி படிந்து, எழும்பி, மறுபடி படிந்தது. காற்றே இல்லை. அவன் ஒரு கையைத் தூக்கி, ஐந்து விரலாலும் எதையோ பிடித்திருந்தான். பிடித்த கைக்குள் ஒரு விரல் பருமனுக்குக் காலி இடம்.

பயலுக்கு வாந்தி வரவில்லை. அழுகை இல்லை. பிறந்ததிலிருந்து அவன் முகத்தில் இந்த நிம்மதியை யாரும் பார்த்ததில்லை.

பிடுங்க வேண்டும். கை போகவில்லை. கூப்பிட வேண்டும். பாப்பா என்றால் எந்த மகள் திரும்புவாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

பாட்டில் காலியாகிக்கொண்டு வந்தது. பயல் மேலே பார்த்துச் சிரித்தான். கடைவாயில் பால் வழிந்தது. வழிந்தது துடைக்கப்பட்டது.

மூத்தவளின் மடிக்கும் அவன் முதுகுக்கும் நடுவே ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. நாலு விரல் அகலம்.

பிறகு ஒரு சாண்.